பிஸ்டனில் இருந்த எண்

பழைய பேண்டு வாத்தியங்களுக்கு வயது சொல்வது பூதக்கண்ணாடியின் வேலை. நூறு தாண்டியவை அலமாரிக்குப் போகும், மற்றவை உலைக்குப் போகும்.

கிழட்டு டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் பிஸ்டனில் இருந்த எண்ணைப் பார்த்ததுமே, "நாற்பது வயசுதான். உலைக்குப் போ" என்றது கண்ணாடி.

டிரம்பெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குருட்டுக் கண்ணாடியே, பிஸ்டன் கழற்றி மாட்டுற சாமான். என் வாய் விளிம்புல வருஷமே வெட்டியிருக்கு, அதைப் படி."

"எனக்கே பாடமா?" என்று கண்ணாடி பக்கத்திலிருந்த, டிரம்பெட்டைப் போன்ற குட்டி கார்னெட்டின் பிஸ்டனைப் பார்த்தது. "இதோ நூற்றிப்பத்து. நீ அலமாரிக்கு."

கார்னெட் டிரம்பெட்டின் பக்கம் சாய்ந்தது. "அக்கா, இது உன் பிஸ்டன். என்னோடது சிக்கிக்கிட்டப்போ நீ மாத்திக் குடுத்தது" என்று கிசுகிசுத்தது.

கண்ணாடி டிரம்பெட்டிடம் திரும்பியது. "ரொம்பக் கத்தினாயே, விளிம்பைப் பார்க்கட்டுமா? பார்த்தால் எல்லாருக்கும்தான் பார்ப்பேன்."

கார்னெட்டின் விளிம்பில் இருந்த வருஷம் டிரம்பெட்டுக்குத் தெரியும். அதன்படி வயது நாற்பதுதான்.

"வேண்டாம், நீ சொன்னதே சரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அது உலைப்பக்கம் தானே உருண்டது. உள்ளே விழுந்தபோதும் கோபத்தில் டிரம்பெட் நெருப்பைவிடச் சூடாக இருந்தது.