மூன்றுக்கும் ஆமாம்

"மெதுவாத் தூக்குங்கப்பா! உயிர் போவுது!"

டோலிக்குள்ளிருந்து வந்த கூச்சலைக் கேட்டதும் பச்சையம்மா முறத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ஓடாமல் இருந்தால்தான் ஊர் ஆச்சரியப்பட்டிருக்கும்.

ஜீப் ஏறாத அந்த மேட்டில், நடக்க முடியாதவர்களுக்கு மூங்கிலில் போர்வை கட்டிய இந்த டோலிதான் வண்டி.

பக்கத்து வீடு வேடியப்பனுடையது. பக்கவாதம் வந்து மூன்று வருஷம். நாதியில்லாத மனுஷன். கஞ்சி ஊற்றுவது பச்சையம்மாதான். ஊற்றியதை ஊருக்கெல்லாம் சொல்வதும் அவள்தான். வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க உதவி அவருக்கு உண்டா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். கேள்வி மூன்றே மூன்று. நடக்க ஆள் வேண்டுமா? சாப்பிட ஆள் வேண்டுமா? வெளிக்குப் போக ஆள் வேண்டுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உதவி உண்டு.

"கட்டில்ல படுக்க வைங்க. வூட்ல இருக்கிறதே அது ஒண்ணுதான். உதறிப் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள்.

நாலு பேர் பிடித்துக் கிடத்தினார்கள். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"நடக்க முடியுங்களா?"

"நடக்கறதா? அசைக்கவே முடியலம்மா!"

ஒன்று. பச்சையம்மா மனசுக்குள் விரல் மடக்கினாள்.

சாமைச்சோறு வைத்தாள். வலது கை எழவே இல்லை. அவளே ஊட்டினாள். நாலு வாய் உள்ளே போனதும், "உப்பு கம்மி" என்று குறை வேறு வந்தது.

இரண்டு.

அடுத்து, "வெளிக்குப் போவணும்" என்றது கட்டில். டோலி தூக்கி வந்த சின்னராஜும் இன்னொருவனும் தாங்கிப் பிடித்துப் புளியமரத்துப் பக்கம் கூட்டிப்போய் வந்தார்கள்.

"மூணுக்கும் ஆமாம்! இதுக்கு மேல இன்னாடா தகுதி வேணும்?" என்று சின்னராஜின் காதைக் கடித்தாள் பச்சையம்மா.

"சும்மா இரு அக்கா, அவரு காதுல வுழப்போவுது" என்று அவன் சிரிப்பை அடக்கினான்.

கட்டிலில் கிடந்தவர் ஏப்பம் விட்டு, இடது கையால் போனை எடுத்தார். வேடியப்பனின் தகுதியைப் பார்க்க வரும் வழியில் சறுக்கி விழுந்து, காலிலும் வலது கையிலும் அடிபட்ட ஆய்வு அதிகாரி அவர். இருந்த ஒரே கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டதால், மூலையில் தினை மூட்டைமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்த வேடியப்பனை ஒரு பார்வை பார்த்தார்.

"பயனாளி படுக்கையில இல்ல. நல்லாத்தான் உக்காந்திருக்காரு. தகுதி இல்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டி முடித்தார். "ஏம்பா, வந்து என்னைத் தூக்குங்க."