விரலில் ஏறிய சிட்டு

வெர்னா திரையை விலக்கினாள். கொல்லைப்புறக் கம்பத்தில், பறவைகளுக்கு விதை நிரப்பித் தொங்கவிடும் தீனிக்குழாய் ஒன்றுகூட இல்லை. வெறும் கொக்கிகள்தான் பனிக்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க ஆள் வருகிற நேரம்!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில், குளிர்காலம் வந்துவிட்டால் பாதிப் பேருக்கு ஜன்னலே கதி. கொல்லைக்கு வரும் பறவைகளை எண்ணிப் பறவைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரே பார்வையில் எத்தனை தென்படுகிறதோ அதுதான் கணக்கு. மற்ற வீடுகளில் சிவந்த தலைச் சிட்டுகள் கொத்திவிட்டுப் பறந்துவிடும். வெர்னா வீட்டில் மட்டும் பொழுதுக்கும் உட்கார்ந்திருந்தன. இந்த வருஷம் கணக்கில் அவளை யாராலும் நெருங்க முடியவில்லை.

அதிலும் இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகோடு, ரோஸி என்று அவள் பெயர் வைத்த சிட்டு, விரலை நீட்டினால் விரலிலேயே ஏறி உட்காரும். போட்டோவே அதற்காகத்தான்.

பனியில் பூட்ஸ் தடம் தெரிந்தது. கம்பத்திலிருந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

"அந்த ஆளைத் தவிர வேற யாரு!" பல்லைக் கடித்தாள்.

பக்கத்து வீட்டு டெல்பர்ட்டுக்குப் பறவை என்றாலே ஆகாது. விதைத்தோல் குப்பை, எலித் தொல்லை என்று எப்போதும் புலம்பல். நேற்றுக்கூட வேலியோரம் வந்து, "வெர்னா, உன் குருவிங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "பொறாமையில வெந்து சாகாதே!" என்று அவர் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. கேமராவோடு இறங்கிய போட்டோக்காரரை, "வாங்க சார், முதல்ல ஒரு திருடனைப் படம் எடுங்க" என்று கையோடு இழுத்துக்கொண்டு போனாள். டெல்பர்ட் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள்.

"யோவ் டெல்பர்ட்! வெளியே வாய்யா!"

கதவு பாதிதான் திறந்தது. டெல்பர்ட்டின் சட்டைக் கைகள் நனைந்திருந்தன.

"என் தீனிக்குழாயெல்லாம் எங்கே?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற கேமராவைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன்."

"பார்த்தீங்களா சார்! கொஞ்சமாவது கூசுதா பாருங்க!"

"ஏன் சார் எடுத்தீங்க?" என்றார் போட்டோக்காரர்.

"குருவிங்க கத்தல் தாங்கலை. எடுத்தேன்."

"இந்தக் குளிர்ல அதுங்க பட்டினி கிடந்து சாகுமேய்யா!" என்று கத்தினாள் வெர்னா. "நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?"

"இல்லைன்னே வச்சுக்கோ."

"இதை அப்படியே பத்திரிகைல போடுவேன் சார்" என்றார் போட்டோக்காரர்.

"தாராளமா போடுங்க. பேரை மட்டும் தப்பில்லாம போடுங்க."

டெல்பர்ட்டின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டே போனார்.

கார் தெருமுனை திரும்பும்வரை டெல்பர்ட் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கதவை முழுசாகத் திறந்தார்.

"உள்ளே வா."

"நான் போலீஸைக் கூப்பிடப் போறேன்."

"பார்த்துட்டுக் கூப்பிடு."

குளியல் தொட்டியில் தீனிக்குழாய்கள் பிளீச்சிங் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு ஷூ பெட்டி. அதற்குள் இரண்டு சிட்டுகள் விறைத்துக் கிடந்தன. மூன்றாவது உயிரோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இறக்கையில் அந்த வெள்ளை இறகு.

"ரோஸி!"

"உன் கம்பத்துக்குக் கீழே கிடந்துச்சுங்க. மிருக டாக்டருக்கு போன் போட்டேன். ஒட்டுவாரொட்டிச் சீக்காம். எல்லாம் ஒரே ஓட்டையில மூக்கை விட்டா பரவிடுமாம். கொஞ்ச நாளைக்குக் குழாயைத் தொங்கவிடாம இருந்தா மிச்சமாவது பொழைக்கும். அதுங்க வெளியில தேடித் தின்னுக்குமாம்."

"இதை அவர்கிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா!"

"சொன்னா, உன் குழாயாலதான் குருவிங்க செத்துச்சுன்னு நாளைக்கு ஊரே உன்னைக் காறித் துப்பும். என்னைத் திட்டுறது ஊருக்குப் பழகிப்போச்சு. இன்னொரு தடவை திட்டட்டுமே."

வெர்னாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"மத்தது எப்படியோ, என் ரோஸிக்கு ஒண்ணுமில்லை. சீக்குன்னா இப்படி உறவாடுமா? தினமும் எவ்வளவு பாசமா வந்து உட்காரும் தெரியுமா?"

விரலை நீட்டினாள். மார்பில் விரல் பட்டதும் சிட்டு மெல்ல ஏறி உட்கார்ந்தது.

"பாரு!" என்றாள்.

டெல்பர்ட் விளக்கைப் போட்டார். தினமும் தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக ரோஸியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். இரண்டு கண்களும் வீங்கி, பொருக்குத் தட்டி, மூடிக் கிடந்தன.

"அது உன்கிட்ட பழகலைம்மா," டெல்பர்ட்டின் குரல் தழைந்தது. "நீ நிக்கிறதே அதுக்குத் தெரியலை."