எந்த ஊரிலிருந்து

புரட்டாசி கடைசி நாள் மதியம் வனஜா ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்தாள். அவளுடைய வெப்சைட்டை இதுவரை வைத்திருந்தவர்கள் தொழிலை மூடுகிறார்கள். தீபாவளிக்குள் வேறு இடம் பார்க்காவிட்டால் அது அழிந்துவிடும். தையல் கடைக்காக மகன் சுதாகர் செய்து கொடுத்தது. அந்த வருடமே அவளோடு சண்டை போட்டுக்கொண்டு அவன் வீட்டைவிட்டுப் போனான். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான்.

மறுமுனையில் இருந்தவன் வேகம், இடம், பாதுகாப்பு என்று ஒவ்வொரு பிளானாக விளக்கினான்.

"அதெல்லாம் எப்படி இருந்தாலும் சரி. யாராவது வந்து பாத்தா எந்த ஊர்லேர்ந்து பாத்தாங்கன்னு காட்டுமா?"

"காட்டும்மா. கடை எங்க இருக்கு?"

"கடையை மூடி நாலு வருஷம் ஆச்சு."

அவன் சிரித்துவிட்டான். "அப்புறம் எதுக்கும்மா வெப்சைட்? யாரு வரப்போறாங்க?"

"ஒருத்தர் வர்றாங்க. போன வருஷம் சூரத்லேர்ந்து. அதுக்கு முந்தி நாக்பூர்."

"அது ஆளே இல்லம்மா, மெஷின். இன்டர்நெட்ல இருக்கிற எல்லா சைட்டையும் அதுபாட்டுக்குத் திறந்து பாத்துட்டுப் போகும்."

வந்து பார்ப்பவர்களின் கணக்கு குழம்பிவிடக் கூடாது என்று வனஜா அந்த வெப்சைட்டை ஒருநாளும் திறந்ததில்லை; பழைய கம்பெனி அனுப்பும் கணக்கை மட்டும் பார்ப்பாள்.

"தீபாவளியன்னிக்குக் காலையில மட்டுமா, தம்பி?"