ஓடுபாதை முனியாண்டி

சூடத் தட்டைச் செல்வராணி அக்கா முதலில் குணாளனிடம்தான் நீட்டினாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போதே அவனுக்குக் கண்ணீர் முட்டியது. பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வந்த சர்வேயர் தம்பிக்கு முனியாண்டிமேல் எவ்வளவு பக்தி என்று பெண்கள் உருகிப்போனார்கள்.

பக்தியாவது ஒன்றாவது. குற்ற உணர்ச்சி ஆளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. அந்த முனியாண்டியை நட்டவனே அவன்தான்.

காஹாங் பக்கம் மூடிக்கிடந்த விமானப்படைத் தளத்தைத் தொழிற்பேட்டையாக மாற்றுகிறார்கள். பழைய ஓடுபாதையை ஒட்டி லாரிப் பாதை வருகிறது. அதற்கு அளந்து குறி வைப்பது குணாளன் வேலை. ஒரு காலத்தில் தளத்தில் புல் வெட்டியவர்களின் வீடுகள் சில அந்த வழியில் மாட்டிக்கொண்டன. காலி செய்யச் சொல்லியாயிற்று, போக்கிடம்தான் யாருக்கும் இல்லை.

செல்வராணி அக்கா வீட்டுக்கு எதிரே, ஆலமரத்தடிக்கு வந்தபோது மரக்குச்சிகள் தீர்ந்துவிட்டன. கிடைத்த கருங்கல் ஒன்றை நட்டு, சிவப்புச் சாயத்தில் நம்பர் எழுதினான் குணாளன். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. கொடியில் ஈரத்துணிகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

மறுபடி போனபோது திக்கென்றது. கல்லுக்கு மஞ்சள் பூசி, துணி சுற்றி, பக்கத்தில் சூலமும் நட்டிருந்தார்கள். நம்பர் எழுதிய பக்கம் மரத்தைப் பார்த்து இருந்தது. மழையில் மண் இளகிக் கல் புரண்டிருக்கும், பாவம், சனங்கள் சாமி என்று நினைத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டான்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். செல்வராணி அக்கா கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிடுவதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா தொழிற்பேட்டை மேனேஜர் லிம் வர வேண்டும்? எஸ்டேட்டில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே புரியும். கோயில் பழசா என்று அவர் கேட்க, ரொம்பப் பழசு என்று சொல்லிவிட்டான் குணாளன்.

சாமி விஷயத்தில் வம்பு வைத்துக்கொள்கிறவர் அல்ல லிம். பாதையைக் கோயிலை விட்டு விலக்கி வளைத்துக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். வீடுகள் தப்பின. அதற்குத்தான் இன்றைக்கு இந்தப் பூஜை. லிம்மே சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஊதுபத்தியோடு நிற்கிறார்.

வீடுகள் தப்பியதில் குணாளனுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் சம்பளம் கொடுக்கிறவரை ஏமாற்றியாயிற்று. அது போதாதென்று, ஒன்றும் தெரியாத சனங்கள் வெறும் கல்லுக்குத் தேங்காய் உடைப்பதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான். எத்தனையோ நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லை.

செல்வராணி அக்கா வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். அவனுக்கு வாங்கக் கை வரவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க." கல்லைக் கண்ணால் காட்டினான். "அது சாமி இல்லக்கா. பாதைக்கு அடையாளமா நான் நட்ட கல்லு. பின்னால பாத்தா நம்பர் இருக்கும்."

அக்காவின் முகம் அப்படியே இருந்தது. லிம் எங்கே நிற்கிறார் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பொங்கலை அவன் கையில் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க தம்பி. நம்பர மரத்துப் பக்கம் திருப்பி வச்சதே நான்தான்."