சிவப்பு நிற்கும் இடம்

இந்தத் தடவை நாற்பது நிமிடம்.

பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். இடப்பக்கமிருந்து வரும் கறுப்புப் பட்டை. அதன் மேல் ஏறிப்போகும் துருச்சிவப்பு. ஓரத்தைத் தொடாமல் நான்கு விரல்கடை தள்ளி அது நின்றுவிட வேண்டும்.

சரியாக நின்றிருந்தது.

அவருக்கு அருவருப்பாக இருந்தது.

எதிரே சுவரில் அசல் தொங்கியது. அதே கறுப்பு, அதே சிவப்பு. 1984இல் வரைந்தது. அந்தச் சிவப்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிய அப்போது எட்டு மாதம் பிடித்தது. பூசினார், சுரண்டினார், மறுபடி பூசினார். முப்பது வயது.

பிறகு வேலை கிடைத்தது. ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் கையெழுத்துப் போட்டார். வேறெதையும் அந்தக் கை வரையவில்லை.

போன மாதம்தான், எழுபத்தோரு வயதில், திரும்பவும் வரைய ஆசை வந்தது. பரணில் கிடந்த ஒரே படத்தை இறக்கித் தூசி தட்டினார். மற்றதையெல்லாம் எப்போதோ கரையான் தின்றிருந்தது.

அந்த ஒன்றைப் பார்க்க பிரசன்னா வந்தார். ஓவியக் கூடம் நடத்துகிறவர். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. இதே காலத்துப் படம் இன்னும் நாலு இருந்தால் தனிக் கண்காட்சியே வைத்துவிடலாம் என்றார். கரையான் கதையைச் சொன்னதும் சிரித்தார்.

“இல்லேன்னா என்ன சார்? அதே கைதானே? நாலு போடுங்க. பின்னாடி எண்பத்து நாலுன்னு எழுதிடுங்க.”

அப்போதே வாசலைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. தனிக் கண்காட்சி என்ற சொல்லில் மனிதர் விழுந்துவிட்டார்.

கேன்வாஸின் பின்பக்கம் டீ டிகாஷனைத் தடவி மொட்டைமாடி வெயிலில் வைத்தார். பழுப்பேறியது. இதை யாரும் சொல்லித்தரவில்லை. தனக்குள் இப்படியொரு கெட்டிக்காரன் உட்கார்ந்திருந்தது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று.

முதல் படத்துக்கு மூன்று நாள். இரண்டாவதற்கு ஒன்று. மூன்றாவது ஒரு காலைப்பொழுது.

நான்காவதும் முடிந்துவிட்டது. பதினோரு மணிக்கு பிரசன்னா எடுத்துப்போக வருகிறார்.

கையைக் கழுவினார். இரண்டு தடவை சோப்புப் போட்டார்.

துணி காயப்போடப் போன மனைவி குமுதவல்லி, பக்கெட்டோடு அறை வாசலில் நின்றாள். நான்கு படங்களையும் பார்த்தாள். சுவரையும் பார்த்தாள்.

“அப்ப இத வரையறப்ப உங்களுக்குச் சோறே எறங்காது. இப்ப பாதியில எழுந்து வந்து இன்னொரு தோசை கேக்கறீங்க.”

குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.



நான்காவதைத் திருப்பிப் போட்டு வருடத்தை எழுத உட்கார்ந்தார். ‘19’ என்று எழுதினார். அதற்குமேல் பென்சில் நகரவில்லை.

அடித்தார். இந்த வருடத்தை எழுதினார். மற்ற மூன்றிலும் இருந்த எண்பத்து நாலை அடித்துவிட்டு, பக்கத்திலேயே இந்த வருடத்தைப் பெரிதாகப் போட்டார்.

அருவருப்பு போகவில்லை.

நிமிர்ந்தால் சுவரில் அது.

அது அங்கே இருக்கிறவரை கை அதைத்தான் போடும். நாளைக்கு முப்பது நிமிடம். அடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடும்.

இறக்கினார். தான் ஓர் ஓவியன் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி. இரண்டு கையாலும் தூக்கி, வரையும்போது படத்தை நிறுத்தும் ஈஸல் சட்டத்தில் வைத்தார்.

வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். பட்டையான பிரஷ்ஷை எடுத்தார்.

கறுப்பு சுலபமாகப் போயிற்று.

சிவப்பு நிற்கும் இடத்துக்கு வந்ததும் கை நின்றது. எட்டு மாதம். அழுகைகூட வந்தது.

பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் தோய்த்தார்.

அழைப்புமணி அடித்தபோது அந்த இடத்தில் விரலளவு சிவப்புதான் பாக்கி. பிரசன்னா அறைக்குள் வருவதற்குள் அதுவும் போயிருந்தது.

பிரசன்னா நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? சரி விடுங்க, அந்த ஒரிஜினலாவது குடுங்க. எங்க அது?”

அவர் ஈஸலைக் காட்டினார்.

பிரசன்னா ஜன்னலை மறைத்துக்கொண்டு, வெள்ளையையே பார்த்தபடி நின்றார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார் அவர். “காத்து வரட்டும். அது காயணும்.”