பத்து நாள் கோபம்

"அங்கனயே நில்லு! வேலியத் தாண்டி ஒரு எட்டு வச்சே, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

திராட்சைப் பந்தலுக்கு அடியில கயித்துக் கட்டில்ல படுத்திருந்த முருகம்மாள் அக்கா கத்துன கத்துல, பக்கத்து வீட்டுல இருந்து பாக்க வந்த எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

வேலிகிட்ட நின்னது வேற யாருமில்ல, அவுக மக பவானி. ஏழு மாசப் பிள்ளத்தாச்சி. அல்லிநகரத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கா.

"அம்மா, கருவாட்டுக் கொழம்பு..."

"போன மாசம் கூப்பிட்டப்ப வராதவ கொழம்பு எனக்கு எதுக்கு? போடி!"

பவானி தூக்குவாளிய வேலியில மாட்டிட்டுத் திரும்பிட்டா.

"நல்லாருக்கு உங்க நியாயம்! பிள்ளத்தாச்சிய இப்படியா வெரட்டுவீக?"ன்னு நான் கேட்டேன்.

அக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டாக.

"நீயும் தள்ளியே உக்காரு, ஜோதி. எனக்குக் கேன்சர். திங்கக்கெழமை மதுரையில புது மருந்து ஏத்துனாக. தூசியவிடப் பொடிசான துகளாம். அதுல கதிர்வீச்சச் சேத்து ரத்தத்துல விட்டா, கட்டி எங்கன ஒளிஞ்சிருந்தாலும் தேடிப் போயி ஒட்டிக்கிருமாம். ஸ்கேன்ல காட்டுனாக. உள்ளுக்குள்ள அங்கங்க வெளக்கு ஏத்தி வச்சாப்புல மினுங்குது..."

பந்தல் இலைக்கு நடுவுல மினுங்குற வெயிலப் பாத்தபடி, கனவுல பேசுறவுக மாதிரி சொல்லிக்கிட்டே போனாக.

"எம் ஒடம்புல இருந்தும் அந்தக் கதிர் வீசுமாம்; பத்து நாளைக்குப் பிள்ளத்தாச்சிக கிட்ட வரக் கூடாதாம். உண்மையச் சொன்னா அவ ஒடஞ்சு போயி, ஓடி வந்து கட்டிப் பிடிச்சு அழுவா. அதான் சண்டைய இழுத்தேன். இந்த வெள்ளிக்கெழமை வளைகாப்பு. மொத வளையல நான் போடணும்னு எம்புட்டு ஆசை தெரியுமா? குடுத்து வைக்கல."

எனக்குத் தாங்கல. பஸ் ஸ்டாப்புக்கு ஓடுனேன். பவானி நின்னுக்கிட்டிருந்தா.

"ஏண்டி, ஆத்தா ஒரு சொல்லு சொன்னா அப்படியே திரும்பிருவியா? உனக்கு என்ன கல்லு நெஞ்சாடி?"

பவானி சிரிச்சா. கண்ணு ரெண்டும் நெறஞ்சிருந்துச்சு.

"ஆஸ்பத்திரி ஃபாரத்துல எங்கம்மா பழக்க தோசத்துல என் போன் நம்பரத்தான் எழுதிக் குடுத்திருக்காக, சித்தி. மருந்து ஏத்துனது, யாரு தள்ளி இருக்கணும்ங்கிறது, எல்லா மெசேஜும் எனக்குத்தான் வருது. எனக்குத் தெரியும்னு அவுககிட்டச் சொல்லிராதீக. நிம்மதியா கத்தட்டும்."

"அப்ப வளைகாப்பு?"

"மாமியாகிட்டப் பேசி அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வச்சுட்டேன். அன்னைக்கு மருந்து ஏத்திப் பதினோரு நாளு ஆயிரும். மொத வளையல் எங்கம்மாதான் போடணும்."