பேருந்து நிலையக் கழிப்பறையில்

கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஓட்டுநர் நுனிக்காலில் நிற்கிறார். அடைத்துக்கொண்ட பீங்கானில் மஞ்சள் நீர் விளிம்புவரை தளும்புகிறது. சுவரில் யாருடைய சளியோ காயாமல் வழிகிறது. ஈயொன்று அவர் உதட்டிலேயே உட்காரப் பார்க்கிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து வயிற்றுப்போக்கு நிற்காமல், வண்டி நிற்கும் ஊரிலெல்லாம் இந்த நாற்றத்துக்குத்தான் ஓடி வருகிறார். “மறுபடியுமாண்ணே? வண்டியில கத்துறாங்க. அந்த மாத்திரைய நிறுத்தித் தொலைங்களேன்!” வெளியிலிருந்து நடத்துநர் எரிந்து விழுகிறார். “நிறுத்திப் பாத்தேன் தம்பி. போன வாரம் ஓட்டிக்கிட்டிருக்கும்போதே கண்ணு இருட்டிருச்சு. பின்னால எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க, நீயுந்தான்.” வெளியே குழாய் திறக்கும் சத்தம் கேட்கிறது. மூக்கைத் தோளில் புதைத்தபடி, ஒரு வாளித் தண்ணீரோடு நடத்துநர் உள்ளே வருகிறார். வாசலிலேயே ஓங்கரிக்கிறார், ஆனாலும் வாளியைக் கீழே வைக்கவில்லை.